கிரிஃபித் அப் கனனுக்கு அம்மாவும் இருந்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல வேல்ஸ் நாட்டு இளவரசர்களப் பத்தி வந்துட்டு இருக்கற தொடர விடாம படிக்கிறேன், தமிழ் பேப்பர்ல இந்த சப்ஜெக்ட் வர்றதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா குவினெத்து நாட்ட ஆண்ட கிரிஃபித் அப் கனன் (வெல்ஷ்ல 'அப்'னா மகன், அதாவது கனன் மகன் கிரிஃபித்) பத்தி வந்த பகுதிய படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதறேன். அவரோட அப்பா கனன், தாத்தா யாகோ, அதுக்கும் மேல 878ல செத்த ரோத்ரி மவுர் வரைக்கும் ஒரு பத்தி முழுக்க வம்சாவளி போட்டிருக்கீங்க, சந்தோஷம். அம்மாவ மட்டும் டப்ளின்ல இருந்த ஒரு வைக்கிங் பொண்ணுங்கற அளவோட முடிச்சுட்டீங்க. பேரு கூட இல்ல. அடுத்த வரியில 1075 வந்துடுது, இளவரசர் கப்பல்ல வேல்ஸ்ல வந்து இறங்கிடறார். பொறந்தது 1055 வாக்குல, அப்போ நடுவுல இருக்கற 20 வருஷம் எங்க போச்சு சார்? அந்த 20 வருஷத்த விட்டுட்டா இவர் எதுக்கு வந்தார், யார் தைரியத்துல வந்தார்னு படிக்கறவங்களுக்கு எப்படி புரியும்?

அந்த அம்மா பேரு ரக்னெல். கிரிஃபித்தோட வாழ்க்கை வரலாறா ஒரு பழைய நூல் இருக்கு, அவர் 1137ல செத்த பிறகு மகன் ஓவைன் ஆட்சி நடந்த காலத்துல லத்தீன்ல எழுதுனது, அப்புறம் 13ஆம் நூற்றாண்டுல வெல்ஷ் மொழிக்கு மாத்துனாங்க. லத்தீன் மூலம் தொலைஞ்சு போச்சுன்னு தான் ரொம்ப காலம் நெனச்சுட்டு இருந்தாங்க, 2005ல தான் அது ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில ஒளிஞ்சு இருக்கறத அடையாளம் கண்டு அச்சுல கொண்டு வந்தாங்க. இடைக்கால வேல்ஸ் அரசர்கள்ல இப்படி தனியா ஒரு வாழ்க்கை வரலாறு நம்ம கைக்கு கிடைச்சிருக்கறது இவர் ஒருத்தருக்கு மட்டும் தான். அந்த நூல் அப்பா வம்சத்துக்கு எவ்ளோ மெனக்கெடுதோ அம்மா வம்சத்துக்கும் அவ்ளோ மெனக்கெடுது, டப்ளின் ராஜாக்கள், நார்வே ராஜா, அயர்லாந்து ராஜாக்கள்னு ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக்கிட்டே போகுது. கிட்டத்தட்ட 900 வருஷத்துக்கு முன்னாடி எழுதுன அந்த ஆளுக்கு இது முக்கியம்னு பட்டிருக்கு, நாம ஏன் ஒத்த வரியில தாண்டிப் போகணும்.

அப்பா பக்கம் நீங்களே எழுதிட்டீங்க, நான் கதைக்கு வேணுங்கற அளவு மட்டும் சொல்றேன். குவினெத்துங்கறது வேல்ஸோட வடமேற்கு மூலை, ஸ்நோடன் மலையும் ஆங்கில்சி தீவும் சேந்த நாடு. அங்க யாகோ அப் இட்வால் ராஜாவா இருந்தார். 1039ல அவர கொன்னுட்டாங்க, சொந்த ஆளுங்களே கொன்னதா தான் பழைய ஆண்டுக்குறிப்பு சொல்லுது, அந்த எடத்துல இன்னொரு கிரிஃபித், லெவெலின் மகன் கிரிஃபித், வந்து உக்காந்துட்டார். பேர் ஒன்னா இருக்கறதால உங்க கட்டுரையில ஒரு எடத்துல படிக்கறவங்களுக்கு குழப்பம் வரும், இவர் வேற அவர் வேற. லெவெலின் மகன் சாதாரண ஆள் இல்ல, பின்னாடி வேல்ஸ் மொத்தத்தையும் ஒத்த ஆளா ஆண்ட ஒரே ராஜா அவர் தான். அப்படிப்பட்டவர் ஆட்சியில யாகோவோட மகன் கனனுக்கு அங்க உயிரோட இருக்க வழியில்ல, கடல் தாண்டி டப்ளினுக்கு போயிட்டார். குவினெத்து சிம்மாசனத்துல அவர் ஒரு நாள் கூட உக்காரல. அதாவது நம்ம கிரிஃபித்தோட அப்பா, ஆட்சிக்கு உரிமை இருந்தும் ஆட்சியே பாக்காத மனுஷன், இத கட்டுரையில அழுத்தி சொல்லியிருக்கணும்.

ஏன் டப்ளின்? மேப்ப எடுத்து பாத்தா உடனே புரியும், ஆங்கில்சிக்கும் டப்ளினுக்கும் நடுவுல இருக்கறது ஒரு சின்ன கடல், காத்து நல்லா இருந்தா வேல்ஸோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு மலையேறி போறத விட டப்ளின் போறது சுலபம். அந்த காலத்துல அந்த கடல் எல்லைக்கோடு இல்ல, ரோடு. 841ல வைக்கிங்குங்க கப்பல் நிறுத்த போட்ட முகாம் தான் டப்ளின், 11ஆம் நூற்றாண்டுல அது பெரிய சந்தை ஊரு, கூலிக்கு சண்டை போட ஆளும் கப்பலும் காசு குடுத்தா அங்க கிடைக்கும். நாட்ட இழந்த வேல்ஸ் இளவரசனுங்க அயர்லாந்துக்கு ஓடறது அப்ப வழக்கம் தான்.

அங்க கனன் கட்டிக்கிட்டது ஏதோ ஒரு பொண்ண இல்ல. ரக்னெல்லோட அப்பா ஓலாஃப், அந்த ஓலாஃபோட அப்பா பட்டுத்தாடி சிட்ரிக், அதாவது டப்ளின 40 வருஷத்துக்கும் மேல ஆண்ட ராஜா. அதோட விடல, ஓலாஃபோட அம்மா ஸ்லானி, அவங்க பிரையன் போருவோட மக. 1014ல க்ளோன்டார்ஃப் சண்டையில செத்துப்போன அதே பிரையன் போரு தான், அயர்லாந்துல இன்னிக்கும் பெரிய வீரனா கொண்டாடற ராஜா. அந்த சண்டையில எதிர்ப்பக்கம் நின்னது யாருன்னா சிட்ரிக், பிரையனோட சொந்த மருமகன். மாமனாரும் மருமகனும் எதிர் எதிரா நின்ன சண்டை, அந்த ரெண்டு பேர் ரத்தமும் ரக்னெல் வழியா கிரிஃபித்துக்கு வருது. போதாததுக்கு ரக்னெல்லோட அம்மா அயர்லாந்துல லென்ஸ்டர் நாட்டு ராஜாவோட மகள்னு அந்த நூல் சொல்லுது. இத்தன பேர் ஒரே குடும்பத்துல, ஒரு வரியில முடியற விஷயமா இது?

ஓலாஃப் பத்தி எனக்கு ரொம்ப புடிச்ச தகவல் ஒன்னு இருக்கு. 1029ல அயர்லாந்துல ப்ரேகா நாட்டு ராஜா அவர சிறை புடிச்சுட்டார், விடுறதுக்கு கேட்ட மீட்புத்தொக என்ன தெரியுமா, 1200 மாடு, 120 வேல்ஸ் நாட்டு குதிரை, 60 அவுன்ஸ் தங்கம், 60 அவுன்ஸ் வெள்ளி, அப்புறம் டப்ளின் அரண்மனை பொக்கிஷமா வச்சிருந்த கார்லஸ் வாள். அயர்லாந்து ஆண்டுக்குறிப்புல இது எழுதி வச்சிருக்கு. அந்த லிஸ்ட்ல வேல்ஸ் குதிரை இருக்கு பாருங்க, ரக்னெல் கனன கட்டிக்கறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே அந்த வீட்டுக்கும் வேல்ஸுக்கும் போக்குவரத்து இருந்துச்சுன்னு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும். ஓலாஃப் 1034ல ரோமுக்கு யாத்திரை போற வழியில இங்கிலாந்துல கொல்லப்பட்டார். அப்போ ரக்னெல் அந்த வருஷத்துக்குள்ள பொறந்திருக்கணும், மகன் பொறக்கும்போது அவங்களுக்கு குறைஞ்சது 20 வயசு, ஒருவேளை 30 கூட இருக்கும், உலகம் பாத்த பொம்பள தான்.

இன்னொன்னு, இது தான் என் கணிப்புல முக்கியமான விஷயம், யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க. கிரிஃபித் பொறந்தப்போ டப்ளினும் ரக்னெல் குடும்பத்து கையில இல்ல. சிட்ரிக் 1036லயே ஆட்சிய இழந்துட்டார், அப்புறம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து, 1052ல லென்ஸ்டர் ராஜா டியர்மட் டப்ளின புடிச்சுட்டார். அதனால அந்த வீட்டுல அப்பாவுக்கும் நாடு இல்ல, அம்மா வீட்டுக்கும் நாடு இல்ல. ரெண்டு பக்கமும் பழைய பெருமையும் பறிபோன உரிமையும் தான் மிச்சம். அப்படி ஒரு வீட்டுல வளர்ற பையனுக்கு, நம்மது நம்மகிட்ட இல்லங்கற நெனப்பு சின்ன வயசுலயே ஊறியிருக்கும், அந்த நெனப்ப ஊட்டுனது யாருன்னு நூலே சொல்லுது.

பையன வளத்தது சோர்ட்ஸ்ங்கற ஊர்ல, டப்ளினுக்கு வடக்க, புனித கொலம்பா பேர்ல ஒரு மடம் இருந்த ஊரு. அம்மாவும் வளர்ப்புத்தாயும் இருந்த எடத்துல இருந்து மூணு மைல்னு நூல்ல குறிச்சு வச்சிருக்கு. பெரிய குடும்பத்து பசங்கள இன்னொரு வீட்டுல குடுத்து வளக்கறது அயர்லாந்துலயும் வேல்ஸ்லயும் இருந்த பழக்கம், அந்த வளர்ப்பு உறவு சில சமயம் ரத்த உறவ விட கெட்டியா நிக்கும், அதுக்கு ஒரு சாட்சி பின்னாடி வருது. அப்படி வளந்த பையனோட காதுல ஒரு வீட்டுல ஐரிஷ் விழுந்திருக்கும், இன்னொரு வீட்டுல வைக்கிங் பேச்சு, அப்பா கூட வந்த ஆளுங்க வாயில வெல்ஷ், மடத்துல லத்தீன். இது என் ஊகம் தான், ஆனா கிரிஃபித் பல மொழியில கெட்டிக்காரர்னு நூல் சொல்றது சும்மா புகழ்ச்சிக்கு இல்லன்னு நெனக்கிறேன். ஆள் பாக்க எப்படி இருப்பார்னு கூட எழுதியிருக்கு, நடுத்தர உயரம், மஞ்ச முடி, வட்ட முகம், பெரிய கண்ணு.

அப்புறம் அந்த எடம். பையன் விவரம் தெரியற வயசுக்கு வந்ததும் ரக்னெல் தினமும் அவன்கிட்ட உன் அப்பா யாரு, எப்பேர்ப்பட்ட மனுஷன், உனக்கு சேர வேண்டிய நாடு எது, அதுல இப்போ உக்காந்து அழும்பு பண்றது யாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். தினமும். அத கேட்டு கேட்டு பையன் பல நாள் கவலையில மூழ்கிப் போயிட்டானாம். கடைசியில அயர்லாந்து ராஜா சபைக்கு போயி, என் அப்பன் நாட்ட வேத்து ஆளுங்க ஆள்றாங்க எனக்கு உதவி பண்ணுங்கன்னு முறையிட்டான், ராஜாவும் இரக்கப்பட்டு உதவி பண்றேன்னு வாக்கு குடுத்தார். உங்க கட்டுரையில 1075ல திடீர்னு கப்பல் வருதே, அந்த கப்பல் கெளம்புனது ரக்னெல் பேச்சுல இருந்து தான். குவினெத்து நாட்ட அந்த அம்மா நேர்ல பாத்தாங்களான்னு கூட நமக்கு தகவல் கிடையாது, ஆனா அந்த நாடு உன்னுதுன்னு பையன் மனசுல எழுதுனது அவங்க.

இதுக்கு நடுவுல வேல்ஸ்ல காரியம் மாறிடுச்சு. 1063ல இங்கிலாந்து பிரபு ஹெரால்ட் காட்வின்சன் படையெடுத்து நெருக்குனதுல லெவெலின் மகன் தன் நாட்டு ஆளுங்களாலேயே கொல்லப்பட்டார். அயர்லாந்தோட அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புல இன்னும் ஒரு படி மேல போயி, அவர கொன்னது யாகோவோட மகன்னு ஒரு வரி இருக்கு. யாகோவோட மகன்னா அது கனன், நம்மாளோட அப்பா தான்னு வரலாற்றுக்காரங்க பல பேர் எடுத்துக்கறாங்க. ஆச்சரியம் என்னன்னா மகனோட வாழ்க்கை வரலாறு இதப்பத்தி மூச்சு விடல. அப்புறம் ப்ளெத்தின்ங்கறவர் ஆண்டார், 1075ல அவரையும் கொன்னாங்க, ட்ரஹயர்ன் அப் கரதோக் வந்து குவினெத்த புடிச்சுக்கிட்டார். அந்த சந்துல தான் கிரிஃபித் மெனாய் நீரிணையோட தெக்கு வாயில இருக்கற அபெர்மெனாய்ல வந்து இறங்குனார், வயசு 20.

இறங்குனதும் நடந்தத நீங்க சண்டை கணக்கா மட்டும் எழுதியிருக்கீங்க. அதுல டாங்விஸ்டில்ங்கற அம்மாவ காணோம். சொந்தக்கார அம்மா, குறி சொல்றவங்க, இவர தேடி வந்து நீ ராஜாவாவன்னு சொல்லி ஒரு நல்ல சட்டையும் மேலங்கியும் குடுத்தாங்க. அந்த மேலங்கி எதுல தச்சது தெரியுமா, செத்துப்போன அந்த லெவெலின் மகன் கிரிஃபித்தோட அரசப் போர்வையில. டாங்விஸ்டிலோட வீட்டுக்காரர் தான் அந்த ராஜாவுக்கு பொக்கிஷக்காரரா இருந்தவர். தாத்தாவோட சிம்மாசனத்துல உக்காந்தவரோட துணி பேரன் உடம்புக்கு வருது, அத கொண்டு வந்து குடுக்கறது ஒரு பொம்பள. அந்த ஊர் ஜனங்க கண்ணுக்கு அது வெறும் துணியா பட்டிருக்காது, இவன் தான் ராஜாங்கறதுக்கு கையெழுத்து மாதிரி.

இங்கிலாந்த புடிச்ச நார்மன்கள்ல ருத்லன் ராபர்ட்ங்கற ஒரு பிரபுகிட்டயும் உதவி வாங்கி, மெய்ரியோனித்ங்கற பகுதியில ட்ரஹயர்ன தோக்கடிச்சு கிரிஃபித் நாட்ட புடிச்சுட்டார். ஆனா நிக்கல. இங்க நான் அம்மா வழி உறவ தூக்கி வச்சு மட்டும் பேச மாட்டேன், அதோட கெட்ட பக்கத்தையும் சொல்லணும். டப்ளின் அந்த காலத்துல அடிமை வியாபாரம் நடந்த துறைமுகம், வேல்ஸ் கடலோர ஜனங்கள புடிச்சுட்டு போயி வித்த ஊரு. அந்த ஊர்ல இருந்து வந்த படைய கூட வச்சுக்கிட்டு குவினெத்துல இருக்கற லீன் தீபகற்பத்துல ஆட்சி பண்ணா ஜனங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த பட்டாளத்து ஆளுங்க மேல வெறுப்பு முத்திப் போயி ஒரு ராத்திரி லீன் ஜனங்க அவங்க தங்கியிருந்த எடத்துலயே வெட்டிப் போட்டாங்க. ட்ரஹயர்ன் அந்த நேரம் பாத்து திரும்பி வந்தார். ப்ரோன் அர் எருங்கற எடத்துல நடந்த சண்டையில கிரிஃபித் தோத்துட்டார், குதிரை மேல உக்காந்து வாள வீசிக்கிட்டு இருந்தவர ஆங்கில்சிக்காரர் குவின்கிங்கறவர் இழுத்துக்கிட்டு போயி கப்பல்ல ஏத்துனாராம். அந்த களத்துல செத்தவங்கள்ல ஒருத்தர் கெரிட், கிரிஃபித்தோட வளர்ப்பு அப்பா. சோர்ட்ஸ்ல தூக்கி வளத்த கை தான் கடல் தாண்டி கூட வந்து அங்க விழுந்துச்சு. நான் மேல சொன்ன சாட்சி இது தான், இத விட்டுட்டு அந்த தோல்விய எழுத எப்படி மனசு வருது.

ஒரே வருஷத்துல ராஜாவாகி அகதியா அம்மா ஊருக்கே திரும்புனவர், அப்புறம் 1081ல தெற்கு வேல்ஸ் ராஜா ரீஸ் அப் டெவ்துர் கூட சேந்து மினித் கார்ன் சண்டையில ட்ரஹயர்ன கொன்னது, உடனே துரோகத்துல நார்மன்கள் கிட்ட மாட்டி செஸ்டர்ல வருஷக்கணக்கா சிறையில கிடந்தது எல்லாம் நீங்க நல்லாவே எழுதியிருக்கீங்க, அதுல எனக்கு கொறை இல்ல.

ஒரு எச்சரிக்கையும் சேத்துக்கறேன். ரக்னெல் வம்சத்த போடுங்கன்னா நூல்ல உள்ளத அப்படியே எல்லாம் போடுங்கன்னு அர்த்தம் இல்ல. அப்பா வம்சத்த அது ஆதாம் வரைக்கும் கொண்டு போகுது, அம்மா வம்சத்த நார்வே ராஜா ஹெரால்ட் ஹார்ஃபாகர் வரைக்கும் கொண்டு போயி, டப்ளின கட்டுனதே அவர்னும், நார்மண்டிய புடிச்ச ரோலோ அவரோட தம்பின்னும் சொல்லுது. இத இன்னிக்கு வரலாற்றுக்காரங்க ஏத்துக்கறது இல்ல. ஆனா ஏன் அப்படி எழுதுனாங்கன்னு யோசிச்சா அதுவும் ஒரு சரித்திரம் தான். எழுதுன காலத்துல பக்கத்துல நார்மன் ராஜா, கோட்டைக்கு மேல கோட்டை கட்டிட்டு இருக்கார். அந்த நார்மன் ராஜாக்கள் ரோலோ வழி வந்தவங்க, அதனால ரோலோ நம்ம சொந்தம்னு சொல்லிட்டா இங்கிலாந்து ராஜாவும் குவினெத்து ராஜாவும் பங்காளி ஆயிடறாங்க, நீ ஒசத்தியும் இல்ல நான் தாழ்த்தியும் இல்ல. அந்த வாதத்த வைக்கறதுக்கு அவங்களுக்கு அப்பா வழி உதவல, ரக்னெல் வழி தான் உதவுச்சு.

உங்க கட்டுரையில அம்மா வெளிநாட்டுக்காரிங்கறத ஒரு பலவீனமா காட்டுற மாதிரி ஒரு தொனி இருந்துச்சு, அது எனக்கு சரியா படல. கிரிஃபித்தோட மகன் ஓவைன், ஓவைன் மகன் யோர்வெர்த், யோர்வெர்த் மகன் லெவெலின், வேல்ஸ்காரங்க இன்னிக்கும் மகா லெவெலின்னு சொல்றவர். அவரோட பேரன் தான் 1282ல கொல்லப்பட்ட கடைசி லெவெலின். இங்கிலாந்த எதிர்த்து கடைசி வரைக்கும் நின்ன அந்த வம்சம் முழுக்க ரக்னெல்லோட வாரிசு. கிரிஃபித்தே அம்மா ஊர மறைச்சதும் இல்ல மறந்ததும் இல்ல. 82 வயசுல, கண்ணு தெரியாம படுக்கையில கெடந்தப்போ சொத்த பிரிச்சு குடுத்தார், அதுல டப்ளின் கிறைஸ்ட் சர்ச்சுக்கு, தான் பொறந்து வளந்த ஊர்ங்கறதுக்காக, 20 ஷில்லிங் எழுதி வச்சார். அந்த சர்ச்ச 1030 வாக்குல கட்ட வச்சது சிட்ரிக், ரக்னெல்லோட தாத்தா.

அடுத்த வாரம் ஓவைன் பத்தி வருதுன்னு போட்டிருக்கீங்க. அவரோட அம்மா அங்கராட், டெகைங்கில் பகுதிய சேந்த ஓவைன் அப் எட்வினோட மக, புருஷன் செத்த பிறகும் 1162 வரைக்கும் இருந்தாங்க, அபெர்மெனாய் துறைமுகத்து வருமானத்த கிரிஃபித் அவங்க பேர்ல தான் எழுதி வச்சார். அந்த பேர விட்டுடாதீங்க. முடிஞ்சா டப்ளின், சோர்ட்ஸ், ஆங்கில்சி, அபெர்மெனாய் எல்லாம் ஒரே படத்துல வர்ற மாதிரி கடலோட சேத்து ஒரு மேப்பும் போடுங்க, தனித்தனி நாடா போட்டா இந்த கதை புரியாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்